பூனைக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் கிளமிடியா சோதனை: சாம்பிள் எடுப்பது எப்படி?

பூனைக்கு முதலில் ஒரு கண் மட்டும் சிவந்து, இமையின் உள்சவ்வு நீர்கோத்து வீங்கி, சில நாளில் அடுத்த கண்ணுக்கும் பரவிவிட்டதா? ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி, அதுவும் நாலைந்து பூனைகள் சேர்ந்து வாழும் வீடு என்றால் கிளமிடியா ஃபெலிஸ் என்ற பாக்டீரியா மேல் சந்தேகம் வரவேண்டும். பறவைகளுக்கு வருவது வேறு கிருமி, கிளமிடியா சிட்டாசி. அது மனிதருக்கு நிமோனியாவே தரக்கூடியது. இரண்டுக்கும் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைதான், ஆனால் சாம்பிள் எடுக்கிற விதம் வேறு. கிளினிக்கில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் ஷெல்டரில் உதவிக்கு வருகிறவர்களுக்கும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எடுப்பதற்கு முன்

லேபுக்கு ஒரு போன் போட்டு, உலர்ந்த ஸ்வாப் (சாம்பிள் எடுக்கும் குச்சி) போதுமா, அவர்களுடைய திரவத்தில் போட்டு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வரும் கரி கலந்த ஜெல் குழாய் பிசிஆருக்கு ஒத்துவராது.

ஸ்வாப் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பிளாஸ்டிக் குச்சியில் நைலான் இழை வைத்த ஃப்ளாக்டு ஸ்வாப்தான் வாங்குவேன். ரேயான், பாலியஸ்டர் நுனியும் பரவாயில்லை. மரக்குச்சி, கால்சியம் ஆல்ஜினேட் நுனி இரண்டும் சோதனையைக் கெடுக்கும். மெடிக்கல் ஷாப் காது பட்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோவிட் காலத்தில் மூக்கில் விட்டார்களே, அந்த மெல்லிய ஸ்வாப் கிடைத்தால் வாங்கி வையுங்கள், சின்னப் பறவைகளுக்கு அதுதான் தோது.

பூனை: பீளை வேண்டாம், செல் வேண்டும்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கண்ணில் பீளை வழிகிறது, அதைத் தொட்டு எடுத்தால் கிருமி நிறைய வரும் என்று தோன்றும். வராது. கிளமிடியா செல்லுக்குள் புகுந்துதான் பெருகும், செல்லுக்கு வெளியே அது பெருகாது. பீளையில் இருப்பது பெரும்பாலும் சளியும் சீழும், பிறகு வந்து ஒட்டிக்கொண்ட மற்ற பாக்டீரியாக்களும்தான். அதனால் பீளையை முதலில் ஸ்டெரைல் சலைனில் நனைத்த பஞ்சால் துடைத்து எறிந்துவிடுங்கள்.

அப்புறம் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தால் இமைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். ஸ்வாப்பை அதில் வைத்து, நுனியை உருட்டிக்கொண்டே, இமைப் பக்கமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். கருவிழியில் படக்கூடாது, முடியிலும் படக்கூடாது. பூனை கொஞ்சம் முகம் சுளிக்கும். சுளிக்கவே இல்லை என்றால் நீங்கள் தேய்க்கவில்லை, தடவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு கண்ணுக்கு ஒரு ஸ்வாப். கண்ணில் ஃப்ளோரசின் சாயமோ ஆன்டிபயாடிக் களிம்போ போடுவதாக இருந்தால் சாம்பிள் எடுத்த பிறகு போடுங்கள்.

ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களும் இதே மாதிரிக் கண்ணோடு வரும். தொண்டையில் ஒரு ஸ்வாப் சேர்த்து எடுத்துவிட்டால் மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

பறவை: ஒரு நாள் எச்சம் போதாது

லவ் பேர்ட்ஸ், காக்டீல் இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். (பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், அது தனிக் கதை.)

கூண்டைத் தொடுமுன் ஃபேனை நிறுத்துங்கள். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போவதுதான் மனிதருக்குத் தொற்றும் முக்கிய வழி. என்95 மாஸ்க், கையுறை, எச்சத்தைச் சுரண்டுமுன் கிருமிநாசினி தெளித்து ஈரப்படுத்துவது, இதிலெல்லாம் சமரசம் கிடையாது. ஆனால் தெளிப்பது சாம்பிளை எடுத்த பிறகு.

கிருமி எச்சத்தில் தினமும் வெளியேறாது. இன்று இல்லை என்று வந்த பறவையே நாளை மறுநாள் கொட்டித் தீர்க்கும். ஆகவே கூண்டின் அடியில் தினமும் புதிய பட்டர் பேப்பர் விரித்து, 3 முதல் 5 நாள் வரை புது எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே குழாயில் சேர்த்து, குளிர்ச்சியில் வையுங்கள். தயவுசெய்து தயிர் இருக்கும் ஃபிரிட்ஜில் வேண்டாம்.

ஸ்வாப் எடுப்பதானால் கண் சவ்வு, வாயின் மேலண்ணத்தில் உள்ள பிளவு, எச்சத்துவாரம் மூன்றிலும் எடுத்துச் சேர்ப்பது நல்லது. எச்சத்துவாரத்தைக் கடைசியில் தொடுங்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு, அதனால் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும். ஏற்கெனவே வால் ஆட்டி மூச்சு வாங்குகிற பறவையைப் பிடிக்கவே வேண்டாம், எச்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுப்புவது

குழாயில் பெயர், தேதி, எந்த இடத்துச் சாம்பிள் என்று எழுதி, பஞ்சு சுற்றி, ஜிப் லாக் கவர், அதன் மேல் இன்னொரு கவர், பிறகு ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி. சனிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க எங்கோ வெயிலில் கிடக்கும். பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிற பழக்கமும் வேண்டாம்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு வந்த கேள்விகள். மருந்து ஏற்கெனவே போட்டாயிற்று, எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் மருந்தின் பெயரையும் ஆரம்பித்த நாளையும் படிவத்தில் எழுதுங்கள். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பறவைக் கடையில் தண்ணீரில் கலக்கக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் பொடியும் இந்தக் கணக்கில்தான் வரும், அதைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை.

சிகிச்சை முடிந்ததும் மறுபடி எடுக்கலாமா? பறவைக்குக் குறைந்தது 2 வாரம் பொறுங்கள். பிசிஆர் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும்.

இறந்த பறவையை என்ன செய்வது? வீட்டில் அறுத்துப் பார்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் இறகை நன்றாக நனைத்து, இரண்டு கவர் போட்டு, ஐஸில் வைத்து, முழுப் பறவையாகவே லேபுக்குக் கொண்டுபோங்கள். கல்லீரலும் மண்ணீரலும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கே அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால், டாக்டரிடம் பறவை வளர்க்கிறேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.