மெக்கானிக் கடைக்கு இடம் பாக்குறவங்க பண்ற தப்பு: ஓடுற வண்டிய எண்றது

டூவீலர் மெக்கானிக் கடை போடப்போறேன்னு கெளம்புற பசங்க முதல்ல பண்ற வேலை என்ன தெரியுமா, ஒரு மெயின் ரோட்ட புடிச்சு டீக்கடை பெஞ்சுல உக்காந்து எவ்ளோ வண்டி போகுதுன்னு பாக்குறது. நானும் அதத்தான் பண்ணேன். போரூர் பக்கம் காலையில ஒம்போது மணிக்கு நின்னு பாத்தா வண்டியா கொட்டுது, அடேங்கப்பா இதுல நூத்துக்கு ஒண்ணு நம்ம கடைக்கு ஒதுங்குனாலே போதுமேன்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டு அட்வான்ஸ் குடுத்து ஷட்டர தூக்கிட்டேன். வண்டி ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் நிக்கல. ஆபீசுக்கு லேட்டாச்சுன்னு பறக்குறவன் கிளட்ச் ஸ்லிப் ஆகுதுன்னு நடு வழியில வண்டிய விட்டுட்டா போவான்? நின்னதெல்லாம் பஞ்சர், செயின் கழண்டது, ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்ததுதான். அம்பது நூறு ரூபா வேலை, முடிஞ்சதும் போயிருவான், திரும்ப வரவும் மாட்டான், ஏன்னா அவன் வீடு எங்கயோ இருக்கு, வீட்டுப் பக்கத்துல அவனுக்குன்னு ஒரு மெக்கானிக் இருக்கான்.

நம்ம பொழப்பு ஜெனரல் சர்வீஸ்லயும் இன்ஜின் வேலையிலயும்தான் ஓடுது, அந்த வண்டியெல்லாம் ஓடுற எடத்துல கிடைக்காது, நிக்கிற எடத்துலதான் கிடைக்கும். அதனால இடம் பாக்கப் போறதா இருந்தா ராத்திரி பத்து மணிக்கு மேல போங்க. கடையச் சுத்தி ஒரு கிலோமீட்டர் நடந்து, வீட்டு கேட்டுக்கு வெளிய, அப்பார்ட்மெண்ட் கீழ, மேன்ஷன் வாசல்ல என்ன வண்டி நிக்குதுன்னு பாருங்க. நம்பர் பிளேட்ட பாருங்க. டிஎன் 22ன்னா மீனம்பாக்கம், டிஎன் 11ன்னா தாம்பரம், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கப்புறம் வர்ற எழுத்துதான் நமக்கு முக்கியம். சீரிஸ் எழுத்த வச்சே வண்டி எத்தன வருஷம் ஓடிருக்குன்னு ஓரளவுக்கு சொல்லிரலாம்.

வண்டி வயச ஏன் பாக்கணும்னா, புது ஏரியா புது அப்பார்ட்மெண்ட்ட பாத்து மயங்கி கடை போட்டவங்க நெறைய பேரு கைய சுட்டுக்கிட்டிருக்காங்க. இருநூறு வீடு, வீட்டுக்கு ரெண்டு வண்டின்னு கணக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா எல்லாம் புது வண்டி. ஃப்ரீ சர்வீஸ் முடியுற வரைக்கும் ஷோரூமத் தாண்டி வராது, வாரண்டி இருக்குற வரைக்கும் வெளிய குடுக்க ஓனருக்கு மனசு வராது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்ததுல இருந்து பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாத ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், கோளாறு கண்டுபுடிக்கிற ஸ்கேனர் இல்லாம பாதி கம்ப்ளெயிண்ட்ல கையே வைக்க முடியாது. அதோட ஐடி கம்பெனி பக்கம்னா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வேற வரிசையா சார்ஜ் ஏறிக்கிட்டு நிக்கும், அதுக்கு இன்ஜின் ஆயிலும் கிடையாது ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, பிரேக் ஷூ டயர்னு எப்பயாவது வருவாங்க. வருஷக்கணக்கா ஓடுன ஸ்ப்ளெண்டர், பழைய ஆக்டிவா, கல்லூரிப் பசங்க கைமாத்தி கைமாத்தி ஓட்டுற பல்சர், இதெல்லாம் நிக்கிற பழைய தெருதான் நமக்கு சோறு போடும்.

அடுத்தது யாருமே யோசிக்காத ஒண்ணு. வண்டிய விட்டுட்டு கஸ்டமர் எப்படிப் போவாரு? ஜெனரல் சர்வீஸ்னா எப்படியும் அர நாள் ஆகும், அதுவரைக்கும் கடையில ஸ்டூல்ல உக்காந்திருக்க யாருக்கும் நேரமில்ல. நான் போரூர் கடைய காலி பண்ணிட்டு குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு மூணு நிமிஷ நடையில ஒரு குறுக்குத் தெருவுல போட்டேன். வாடகை முன்னாடி குடுத்ததுல பாதி, மெயின் ரோட்ல இருந்து பாத்தா போர்டு கூடத் தெரியாது. ஆனா காலையில எட்டரைக்கு ஒருத்தர் ஹெல்மெட்ட கூட கழட்டாம வந்து சாவிய டேபிள்ல போட்டு “தம்பி, முன்னாடி பிரேக் கத்துது, அப்படியே ஆயிலும் மாத்திரு, ஏழு மணிக்கு வரேன்”னு சொல்லிட்டு பீச் ட்ரெயின புடிக்க ஓடுவாரு. நமக்கும் பகல் பூரா நிதானமா வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஸ்டேஷன் இல்லாத ஊர்ல பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாப், ஷேர் ஆட்டோ நிக்கிற முக்கு, ஏதாவது ஒண்ணு நடக்குற தூரத்துல இருக்கணும்.

இதுலயே இன்னொரு கூத்து, நடுவுல தடுப்பு இருக்குற ரோட்டுல கடை போடுறது. எதிர்ப் பக்கத்துல போறவனுக்கு உங்க போர்டு நல்லாத் தெரியும், ஆனா வரணும்னா ஒரு கிலோமீட்டர் போய் யூ டர்ன் அடிச்சு வரணும். ஓடுற வண்டின்னா பரவாயில்ல, ஸ்டார்ட் ஆகாத வண்டிய தள்ளிக்கிட்டு வர்றவன் என்ன பண்ணுவான்? மேம்பாலம் எறங்குற எடத்துலயும் இதே கதைதான், எறங்குற வேகத்துல எவனும் எடது பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டான். நான் இப்ப யாராவது இடம் காட்டுறேன்னு கூப்டா ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்றேன்: உங்க வண்டிய அர கிலோமீட்டர் தள்ளி ஆஃப் பண்ணிட்டு, அங்க இருந்து கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே வாங்க, வெயில்ல வாங்க. எங்க மேடு இருக்கு, எங்க ரோட்ட கடக்க முடியல, கடை வாசல்ல சாக்கடை ஸ்லாப் எவ்ளோ உசரம்னு ஒடம்பு சொல்லிரும், புரோக்கர் சொல்ல மாட்டாரு.

ரோட்டுல ஏதாவது பெரிய வேலை வரப்போகுதான்னும் விசாரிங்க. சென்னையில மெட்ரோ ரெண்டாம் கட்டம் மட்டும் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். ஆற்காடு ரோட்டுலயும் ஓஎம்ஆர்லயும் வருஷக்கணக்கா தகரத் தடுப்பு நின்னுச்சு, தடுப்புக்குப் பின்னாடி இருந்த கடைக்காரங்க பட்ட பாட்ட பக்கத்துல போய்க் கேட்டாத்தான் தெரியும்.

வெயில் காலத்துல இடம் பாத்து முடிவு பண்றது பெரிய தப்பு, அதுலயும் சென்னையில. சித்திரையில பாத்தா எல்லா தெருவும் காஞ்சு போய் அழகாத்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையிலதான் தெரியும் எது ஏரின்னு. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல. வெள்ளம் வந்தா மெக்கானிக்குக்கு வேலை கொட்டும்னு சொல்லுவாங்க, அது நெசந்தான், மிக்ஜாமுக்கு அப்புறம் இன்ஜினுக்கு அடியில இருக்குற டிரெயின் போல்ட்ட கழட்டினா ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி எறங்கும், அந்த மாதிரி வண்டி ரெண்டு வாரத்துக்கு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா அதெல்லாம் கடை மேட்டுல இருந்தாத்தான். பள்ளத்துல இருந்தா கம்ப்ரஸர் மோட்டாரு, பேட்டரி சார்ஜரு, கஸ்டமர் விட்டுட்டுப் போன வண்டி எல்லாம் சேந்து முழுகும், அப்ப அவருக்கு நீங்கதான் பதில் சொல்லணும். செவுத்துல இடுப்பு உசரத்துல புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா எதுக்குன்னு கேளுங்க. ஓனர்கிட்ட கேக்காதீங்க, எதிர் டீக்கடையில கேளுங்க.

எடம் எவ்ளோ பெருசு வேணும்ங்கறதுலயும் ஏமாறுவோம். பத்துக்குப் பதினஞ்சு கடை, 150 சதுர அடி, தாராளம்னு தோணும். ஒரு வண்டி ஏழு அடி நீளம், ஹேண்டில் பார் ரெண்டர அடி, சுத்தி உக்காந்து வேலை செய்ய எடம் சேத்தா வண்டிக்கு நாப்பது சதுர அடி போயிரும். டூல்ஸ் ரேக்கு, கம்ப்ரஸர், ஆயில் பேரல் வச்சா மிச்சம் ரெண்டு வண்டி, மூணு வண்டி. வேலைக்கு அது போதும்னு வச்சாலும் ராத்திரி என்ன பண்ணுவீங்க? ஸ்பேர்ஸ் வரலன்னு பிரிச்சுப் போட்ட வண்டி ரெண்டு நிக்கும், எடுத்துட்டுப் போக வராதவரு வண்டி மூணு நிக்கும், எல்லாத்தையும் உள்ள ஏத்தி ஷட்டர் போட முடியணும். நடைபாதையில விடலாம்னு நெனச்சா பகல்ல போலீஸ் அபராதம், ராத்திரி திருட்டு பயம்.

மாடியில வீடு இருக்குற கடைய எடுத்தா வாடகை கொஞ்சம் கம்மியா கிடைக்கும், அந்த காச வேற வழியில குடுத்துருவீங்க. குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல்னு ஒலி மாசு விதியே இருக்கு, சைலன்சர கழட்டிட்டு டியூனிங் பண்ணா அதெல்லாம் எந்த மூலைக்கு. என் முதல் கடையில ஓனரம்மா காலையில கோலம் போட வருவாங்க, முந்தின நாள் ஆயில் கறை மேல மாவு புடிக்காது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். வாய தொறந்து ஒண்ணும் சொன்னதில்ல, கறையச் சுத்தி கோலத்த வளச்சு வளச்சு போட்டு வச்சிருப்பாங்க. பதினோரு மாசம் முடிஞ்சதும் அக்ரிமெண்ட் புதுப்பிக்க மாட்டேன்னு ஓனரு சொன்னப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல.

வாட்டர் வாஷும் சேத்து பண்றதா இருந்தா போர் தண்ணிய ஒரு பக்கெட் புடிச்சு கருப்பு டேங்க் மேல ஊத்தி காயவிட்டுப் பாருங்க, வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு நின்னா ஆயுத பூஜை கூட்டம் அடுத்த வருஷம் உங்ககிட்ட வராது. கழுவுன தண்ணி எங்க போகும்னும் பாக்கணும், மழைநீர் வடிகால்ல விட்டா மாநகராட்சி சும்மா இருக்காது. வேஸ்ட் ஆயில் 2016 விதிப்படி அபாயகரக் கழிவு, பேரல்ல புடிச்சு வச்சு அனுமதி வாங்குன ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும், அந்த பேரலுக்கும் கடைக்குள்ள எடம் வேணும்.

கரண்ட்டு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. வீட்டு கனெக்‌ஷன்லயே ஓட்டிக்கோ தம்பின்னு ஓனர் சொன்னா ஒத்துக்காதீங்க, மாட்டுனா மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுல ரெண்டு மடங்கு கணக்கு போட்டு வாங்குவாங்க. கமர்ஷியல் மீட்டர் வந்தப்புறம் அட்வான்ஸ் குடுங்க. அக்ரிமெண்ட்ட எழுத்துல போடுங்க, தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அத வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும். வேற மாதிரி பேசி எழுதலன்னா மூணு மாச வாடகைதான் அட்வான்ஸ்னு அதுல இருக்கு, சென்னையில பத்து மாசம் கேப்பாங்க, பேசிப் பாருங்க.

பக்கத்துல இன்னொரு மெக்கானிக் இருக்கான்னு நல்ல இடத்த விட்டுட்டு வர்றதும் நடக்குது. எனக்கு அது பயமா தெரியல. நாலு மெக்கானிக் இருக்குற தெருவுலதான் ஸ்பேர்ஸ் கடையும் லேத்தும் வெல்டிங்கும் இருக்கும், சிலிண்டர் போரிங்குக்கு பையன சைக்கிள்ல அனுப்பி மதியத்துக்குள்ள வாங்கிரலாம். தனியா ஒரு மூலையில ராஜா மாதிரி உக்காந்தா ஒரு கிளட்ச் பிளேட்டுக்கு ஸ்பேர்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோடு வரைக்கும் ஓடணும், பழைய பார்ட்டுன்னா புதுப்பேட்டை, அன்னிக்கு வேலை அவ்ளோதான்.

போரூர் கடைய காலி பண்ணப்ப ஷட்டர்ல என் நம்பர பெயிண்ட்ல எழுதிட்டு வந்தேன், ஒரே வாரத்துல அதுக்கு மேல “கடை வாடகைக்கு”ன்னு எழுதிட்டாங்க. அந்த ஒரு வாரத்துல மொத்தம் ரெண்டு போன் வந்துச்சு. ஒண்ணு பஞ்சர். இன்னொண்ணு, கடை வாடகை எவ்ளோன்னு கேட்டு ஒரு தம்பி.