ரிசர்வ் டிஸ்சார்ஜ் 'அதர் தன் ஹானரபிள்'னு வந்துருச்சா? மாத்தறதுக்கு வழி இருக்கு

அமெரிக்க ஆர்மி ரிசர்வ்ல (பகுதி நேர ராணுவம்) இருந்து வெளிய வந்தவங்க நிறைய பேர் டிடி 214ங்கற சர்வீஸ் முடிஞ்ச பேப்பரை கையில வச்சுக்கிட்டு இதுல ஹானரபிள்னு தானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் அதர் தன் ஹானரபிள் (நல்ல பேரோட இல்லாம மோசமான குறிப்போட அனுப்பற டிஸ்சார்ஜ்)ங்கறாங்கன்னு குழம்பிட்டு இருப்பாங்க. விஷயம் என்னன்னா டிடி 214 ஆக்டிவ் டியூட்டிக்கு, அதாவது முழு நேர சர்வீஸுக்கு மட்டும் தான், பேசிக் ட்ரெயினிங் முடிச்சதுக்கோ குவைத் ஈராக்னு மொபிலைஸ் ஆகி போய்ட்டு வந்ததுக்கோ தருவாங்க. அதுக்கப்புறம் ஊர்ல இருந்துகிட்டே மாசம் ஒரு வீக்கெண்ட் ட்ரில் போன காலத்தை முடிக்கறதுக்கு வர்றது ஒரு டிஸ்சார்ஜ் ஆர்டர். சின்ன பேப்பர் தான், அதுல 'டைப் ஆஃப் டிஸ்சார்ஜ்'னு ஒரு வரி இருக்கும், மாத்த வேண்டியது அந்த வரியை. நேஷனல் கார்டா இருந்தா அது என்ஜிபி 22 ஃபார்ம்ல இருக்கும்.

இதை முதல்ல பிரிச்சு பாத்துருங்க, ஏன்னா பின்னாடி ரிசர்வ்ல கெட்ட டிஸ்சார்ஜ் வந்ததால முன்னாடி டிப்ளாய்மெண்ட்டுக்கு வாங்கின ஹானரபிள் டிடி 214 கெட்டுப்போகாது, ரெண்டும் தனித்தனி. விஏ (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு துறை) பெனிஃபிட்டுக்கு அவங்க எந்த பீரியடை பாக்கறாங்கன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டா சில பேருக்கு பாதி கவலை அங்கயே தீர்ந்துடும், டிஸ்சார்ஜை மாத்த அப்ப்ளை பண்றதையும் நிதானமா பண்ணலாம்.

அடுத்தது ஃபைல். முழு ஃபைலை பாக்காம யாரும் ஃபார்ம் ஃபில் பண்ணாதீங்க, குருட்டாம்போக்குல எழுதறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. எஸ்எஃப் 180 ஃபார்ம் போட்டு செயின்ட் லூயிஸ்ல இருக்கற நேஷனல் பெர்சனல் ரெக்கார்ட்ஸ் சென்டர்ல கேக்கலாம், ஆன்லைன்லயும் கேக்கலாம், காசு கிடையாது. வெறும் ஆர்டர் மட்டும் கேட்டா அது மட்டும் தான் வரும், அதனால செபரேஷன் பாக்கெட் (உங்களை வெளிய அனுப்பினது சம்பந்தமான பேப்பர்கள்) மொத்தமும் வேணும்னு தெளிவா எழுதுங்க. கூடவே டிஏ 5016, அதாவது ரிடயர்மென்ட் பாயிண்ட்ஸ் ஸ்டேட்மென்ட், கண்டிப்பா வாங்குங்க. எந்த வருஷம் எத்தனை ட்ரில் பாயிண்ட் ஏறிருக்குன்னு அதுல தெரியும், யூனிட் ஆப்சென்ட்னு காட்டற காலத்துல உங்களுக்கு பாயிண்ட் ஏறியிருந்தா அது செமத்தியான ஆதாரம்.

ரிசர்வ்ல அதர் தன் ஹானரபிள் வர்றதுக்கு அடிக்கடி இருக்கற காரணம் அன்சாட்டிஸ்ஃபாக்டரி பார்ட்டிசிபேஷன், அதாவது ட்ரில்லுக்கு ஒழுங்கா வராதது. ஒரு வருஷத்துக்குள்ள 9 அன்எக்ஸ்க்யூஸ்ட் ஆப்சென்ஸ் வந்தா ஆச்சு. 9ங்கறது பெருசா தெரியும், ஆனா ஒரு ட்ரில் வீக்கெண்ட்லயே 4 அசெம்ப்ளி கணக்கு, காலைல ஒண்ணு மதியம் ஒண்ணு ரெண்டு நாளைக்கு, ஸோ ரெண்டு வீக்கெண்ட் போகலன்னா 8, மூணாவது மாசம் சனிக்கிழமை காலைல போகலன்னா 9 முடிஞ்சுது. வேலை மாறி வேற ஸ்டேட்டுக்கு போனவங்க, டைவர்ஸ்ல மாட்டினவங்க, டிப்ளாய்மெண்ட் முடிஞ்சு வந்து வீட்டை விட்டு வெளிய வர முடியாம கிடந்தவங்க எல்லாம் இப்படித்தான் மாட்டறாங்க.

இங்க தான் ஃபைலை லென்ஸ் வச்சு பாக்கணும். ஆப்சென்ட் ஆனா யூனிட் லெட்டர் அனுப்பணும், சர்டிஃபைட் மெயில்ல போனதுக்கு ரசீதோ அனுப்பினதுக்கு ப்ரூஃபோ ஃபைல்ல இருக்கணும், டிஸ்சார்ஜ் நோட்டீஸும் அப்படித்தான். அதர் தன் ஹானரபிள் கொடுக்க போறாங்கன்னா, கொடுக்கறதுக்கு முன்னாலயே ஒரு போர்டுகிட்ட ஹியரிங் கேக்கற உரிமை உங்களுக்கு உண்டு, அந்த உரிமையை அந்த நோட்டீஸ்லயே எழுதியிருக்கணும். இதெல்லாம் ஏஆர் 135-178, ஏஆர் 135-91 ரெகுலேஷன்ல இருக்கு, உங்க டிஸ்சார்ஜ் தேதில எந்த பதிப்பு அமல்ல இருந்துச்சோ அதை எடுத்து படிங்க, இப்ப இருக்கறதை இல்ல. ஆனா லெட்டரே வரலன்னு மட்டும் எழுதினா நிக்காது. அட்ரஸ் அப்டேட் பண்றது சோல்ஜரோட பொறுப்புன்னு, டிஸ்சார்ஜை மாத்தச் சொல்லி நீங்க அப்ப்ளை பண்ற போர்டு ஒரே வரில முடிச்சுடும். அந்த தேதில நான் அந்த வீட்ல இல்ல, இதோ புது வீட்டு லீஸ் காப்பி, இதோ புது அட்ரஸ் சொல்லி யூனிட்டுக்கு நான் போட்ட ஈமெயில்னு வச்சீங்கன்னா அது வேற கதை. யூனிட் பண்ணது சரின்னு வச்சுக்கிட்டு தான் போர்டு ஆரம்பிக்கும், தப்புன்னு காட்டறது உங்க வேலை, உங்களுக்காக அவங்க விசாரிக்க மாட்டாங்க.

இன்னொரு பாயிண்ட், ரிசர்விஸ்ட்டுக்கு மட்டுமே உள்ளது, நிறைய பேர் விட்டுடறாங்க. ட்யூட்டில இல்லாத நேரத்துல சிவிலியனா நீங்க பண்ண ஏதோ ஒண்ணை வச்சு அதர் தன் ஹானரபிள் கொடுக்கணும்னா அது உங்க மிலிட்டரி வேலையை நேரடியா பாதிச்சிருக்கணும்னு பென்டகன் ரூல்லயே இருக்கு. சர்வீஸ் ரெக்கார்டை வச்சு தான் டிஸ்சார்ஜை தீர்மானிக்கணும்னு 1958லயே ஹார்மன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. உங்க காரணம் இந்த வகைன்னா இதை உங்க ஸ்டேட்மென்ட்டோட முதல் பாராவுலயே வைங்க.

இப்ப எங்க அனுப்பறது. டிஸ்சார்ஜ் ஆகி 15 வருஷம் தாண்டலன்னா டிடி 293, டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. 15 தாண்டிட்டா, இல்ல அங்க ஏற்கனவே தோத்துட்டா, டிடி 149, கரெக்ஷன் போர்டு. ஜெனரல் கோர்ட் மார்ஷல் (ராணுவ கோர்ட்ல பெரிய வகை) கொடுத்த டிஸ்சார்ஜும் நேரா இங்க தான். கரெக்ஷன் போர்டுக்கு தப்பை கண்டுபிடிச்சதுல இருந்து 3 வருஷம்னு சட்டத்துல இருக்கு, லேட்டானா நியாயத்துக்காக தள்ளுபடி பண்ணலாம்னும் அதுலயே இருக்கு, அதனால லேட் ஆனதுக்கு காரணத்தை ஃபார்ம்லயே எழுதிடுங்க. ரிவ்யூ போர்டுல முதல்ல பேப்பரை மட்டும் பாத்து முடிவு பண்ண சொல்லி, கிடைக்கலன்னா நேர்ல பேசற ஹியரிங் கேக்கலாம், ரெண்டு சான்ஸ். அந்த ரெண்டையுமே 15 வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும், 14வது வருஷத்துல இருக்கறவங்க நேரா ஹியரிங்கே கேட்டுடுங்க.

பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநல பாதிப்பு), தலைல அடி, செக்ஷுவல் அசால்ட் இந்த மாதிரி ஏதாவது இருந்திருந்தா 2017 ஆகஸ்ட்ல போர்டுகளுக்கு வழிகாட்டியா பென்டகன்ல இருந்து வந்த கர்ட்டா மெமோவை அப்படியே ஃபாலோ பண்ணுங்க. அதுல நாலு கேள்வி. அந்த பிரச்சனை இருந்துச்சா, சர்வீஸ்ல இருக்கும்போதே இருந்துச்சா, நடந்த தப்புக்கு அது காரணம் சொல்லுமா, டிஸ்சார்ஜை விட அதுக்கு வெயிட் ஜாஸ்தியா. ஸ்டேட்மென்ட்டை இந்த நாலு கேள்விக்கு பதிலா வரிசையா எழுதினா படிக்கறவருக்கு தேடற வேலை இல்ல. அப்போ டாக்டர்கிட்ட போகலன்னா பரவால்ல, வீட்ல மனைவியோ கூட இருந்த சோல்ஜரோ என்ன பாத்தாங்கன்னு எழுதி கொடுத்தாலும் எடுத்துப்பாங்க. இந்த மாதிரி எதுவுமே இல்லாதவங்களுக்கு 2018ல அதே மாதிரி வந்த வில்கி மெமோ, வெளிய வந்தப்புறம் எப்படி வாழ்ந்தீங்கங்கறதுக்கு அதுல மதிப்பு உண்டு. வேலை, படிப்பு, பேக்கிரவுண்ட் செக் எல்லாம் இங்க சேருங்க.

ஆறு மாசம் ஆனா தானா அப்கிரேட் ஆயிடும்னு இன்னும் சொல்லிட்டு திரியறாங்க. சுத்தப் பொய், அப்ப்ளை பண்ணாம எதுவும் மாறாது.

நம்மாளுங்க கொஞ்சம் கவனிக்க வேண்டியது, மாவ்னி திட்டத்துல (தேவையான பாஷை தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களை ராணுவத்துல சேத்த திட்டம்) எடுத்த பாஷை லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, 2016ல புது ஆள் எடுக்கறது நிக்கறவரைக்கும் அது வழியா ஆர்மிக்குள்ள போய் அப்படியே சிட்டிசன்ஷிப் வாங்கினவங்க இருக்காங்க. அப்படி வாங்கினவங்க 5 வருஷம் ஹானரபிளா சர்வ் பண்றதுக்குள்ள அதர் தன் ஹானரபிள்ல வெளிய வந்தா சிட்டிசன்ஷிப்பை திரும்ப எடுக்கறதுக்கே சட்டத்துல இடம் இருக்கு. இவங்க தனியா ஃபார்ம் போடாதீங்க, இமிக்ரேஷனும் மிலிட்டரி சட்டமும் தெரிஞ்ச வக்கீலை பாத்துட்டு போடுங்க. மத்தவங்களுக்கு வக்கீல் கட்டாயமில்ல, அமெரிக்கன் லீஜன், டிஏவி மாதிரி முன்னாள் ராணுவத்தினர் சங்க ஆளுங்க, கவுன்ட்டி வெட்டரன்ஸ் ஆஃபீஸ், லா ஸ்கூல் கிளினிக் எல்லாம் ஃப்ரீயா பாத்து தருவாங்க.

அனுப்பிட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும், வருஷம் தாண்டறதும் உண்டு, நடுவுல அட்ரஸ் மாறினா போர்டுக்கு உடனே சொல்லிடுங்க. சாதகமா முடிவு வந்தா புது டிஸ்சார்ஜ் ஆர்டரும் ஹானரபிள் சர்டிஃபிகேட்டும் வரும். வந்ததும் உங்க ஆன்லைன் ஃபைலை திறந்து பழைய ஆர்டரை எடுத்துட்டாங்களான்னு பாருங்க, எடுக்கலன்னா போர்டு முடிவை இணைச்சு எழுதிக் கேளுங்க, விஏவுக்கும் ஒரு காப்பி நீங்களே அனுப்புங்க.