டாலஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் காரை எடுக்காதீர்கள்

கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்களுக்குப் புயல் என்பது, துறைமுகத்தில் கூண்டு ஏற்றியது முதல் கரையைக் கடப்பதுவரை நாள்கணக்கில் அவகாசம் தருவது. வேண்டுமானால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடலாம். டாலஸ் இருக்கும் டெக்சாஸில் டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் கடுங்காற்று) எச்சரிக்கைக்குப் பின் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்களே.

முறைப்படி செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கைபேசியில் அவசர எச்சரிக்கைகளை அணைத்து வைக்காதீர்கள். ‘வாட்ச்’ என்றால் உருவாகக்கூடும், ‘வார்னிங்’ என்றால் ராடாரிலோ கண்ணாலோ கண்டுவிட்டார்கள். வீட்டு உரிமையாளரின் காப்பீடு உங்கள் உடைமைகளுக்குச் செல்லாது என்பதால், வாடகைதாரர் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

இனி, கார். ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன என் நண்பர், சைரன் கேட்டதும் மனைவி மக்களையும் பாஸ்போர்ட் பையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட, நெடுஞ்சாலையில் ஊரே அதே எண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஆலங்கட்டியில் கண்ணாடிகள் நொறுங்கி மகளின் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. முழுக் காப்பீடு இல்லாததால் காரின் செலவும் அவர் தலையில் விழுந்தது. அவர் விட்டு ஓடிய வீட்டுக்கோ ஒரு கீறலும் இல்லை. ‘சைரன் ஒலித்தால் உடனே கிளம்பிவிடு’ என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த இங்கே அவருக்கு முன்பே வந்து குடியேறிய ஒருவர்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஏனெனில் இங்கே நடந்தவை யாரும் அறியாதவை அல்ல. 1979 ஏப்ரல் 10 அன்று டெக்சாஸின் விசிட்டா ஃபால்ஸ் நகரில் டொர்னாடோவால் இறந்த 42 பேரில் 25 பேர் வாகனங்கள் தொடர்பாக இறந்தவர்கள். 2015 டிசம்பர் 26 இரவு நம் பக்கத்து கார்லண்டில் பலியான 10 பேரில் 9 பேர் காரில் இருந்தவர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் சுழன்ற டொர்னாடோவால் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் சென்றவர்களே; அவர்களில் ஒருவரான டிம் சமாராஸ், பல ஆண்டுகளாக டொர்னாடோக்களையே ஆராய்ந்துவந்தவர். பாலத்தடியில் ஒதுங்கலாம் என்பதும் ஆபத்தான நம்பிக்கை: 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் மூவர் மாண்டனர்.

ஆகவே வீட்டிலேயே இருங்கள்: தரைத்தளம், நடுவில் ஜன்னலில்லாத குளியலறை, காலில் செருப்பல்லாமல் ஷூ, குழந்தைகள் தலையில் சைக்கிள் ஹெல்மெட். மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். இந்த ஊரில் அந்த ஒரு காரணத்துக்காக நள்ளிரவில் கதவைத் தட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.