சேலத்து மொட்டை மாடியில் சோலார் பேனல்: கழுவும் முறையும் பராமரிப்பும்

2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கி, மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்ட பிறகு, சோலார் பேனல் என்பது நடுத்தரக் குடும்பங்களின் மொட்டை மாடிக்கும் வந்துவிட்டது. பொருத்துபவர்கள் பெரும்பாலும் 'பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் அடித்து விடுங்கள்' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எந்தத் தண்ணீர் என்பதையும் எந்தப் பகுதித் தூசி என்பதையும் அந்த அறிவுரை கணக்கில் எடுப்பதில்லை. சேலத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டுமே முக்கியமானவை. அவற்றிலும் தண்ணீரே முதன்மையானது.

நம் வீடுகளில் மாடித் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர். குளியலறைக் குழாயின் முனையிலும் பக்கெட்டின் உட்புறத்திலும் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவேதான் பேனலின் கண்ணாடியிலும் படியும். வெயிலில் சூடேறிய கண்ணாடியின் மேல் தெளித்த தண்ணீர் நிமிடங்களில் காய்ந்துவிட, ஒவ்வொரு துளியும் இருந்த இடத்தில் விளிம்பு மட்டும் தடித்த ஒரு வெள்ளை வட்டம் எஞ்சும். தூசியை அடுத்த மழை ஓரளவு கழுவிவிடும். இந்த உப்புப் படிவமோ மழைக்கு அசைவதில்லை, ஒவ்வொரு முறை கழுவும்போதும் தடிக்கவே செய்யும். எனவே உப்புத் தண்ணீரால் அடிக்கடி கழுவுவதைவிட, நல்ல தண்ணீரால் அரிதாகக் கழுவுவதே மேல் என்பது என் கருத்து. மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர், சேமித்த மழைநீர், ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீர் ஆகியவை ஏற்றவை. ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரைச் சிக்கனம் கருதிப் பிடித்து வைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அது போர் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்து வெளியேறும் நீர் என்பதால் பேனலுக்கு அறவே கூடாது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், கழுவிய கையோடு ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக வழித்து, கண்ணாடியில் ஈரம் நிற்காமல் எடுத்துவிட வேண்டும்.

கழுவுவதற்கு உகந்த நேரம் விடியற்காலை. நண்பகலில் பேனலின் வெப்பம் 60 டிகிரியைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் காண வாய்ப்புண்டு. மார்கழி, தை மாதங்களில் இரவுப் பனி பேனலின் மேல் ஈரமாகப் படிந்திருக்கும். அந்த ஈரம் காயும் முன்பே தொடங்கினால் பாதித் தண்ணீர் மிச்சம். பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. மின்சாரமாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். முதலில் அதன் ஏ.சி. சுவிட்சையும், பிறகு பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் டி.சி. ஐசொலேட்டரையும் அணைக்க வேண்டும். ஆனால் அணைத்துவிட்டதாலேயே பேனல் உயிரற்றதாகிவிடாது. வெளிச்சம் பட்டாலே அதில் மின்னழுத்தம் உண்டு. கண்ணாடியில் விரிசல் கண்ட பேனலையும், உறை கிழிந்த கேபிள் தொங்கும் பேனலையும் நனைக்கவே கூடாது.

துடைப்பதற்கு முன் தாராளமாகத் தண்ணீர் ஓடவிட்டு, மணலும் துகளும் வழிந்து போன பிறகே துணியோ ஸ்பாஞ்சோ படவேண்டும். உலர்ந்த தூசியின் மேல் துணியை வைத்துத் தேய்ப்பது கண்ணாடியை உப்புத்தாளால் உரசுவதற்குச் சமம். ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மேற்பூச்சு அதில் தேய்ந்து போகும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சலவைத்தூள், ஆசிட், கார் கழுவும் அழுத்தக் குழாய் இவை எதுவும் வேண்டாம். காய்ந்த காக்கை, புறா எச்சத்தைச் சுரண்டாமல், அதன் மேல் ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு வைத்தால் தானே ஊறி வந்துவிடும். எச்சத்தை மட்டும் அடுத்த முறைக்குத் தள்ளிப்போடக் கூடாது. பரவலான தூசி மின்சாரத்தைச் சிறிது குறைக்கும், அவ்வளவுதான். பேனலுக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களில் ஒன்றை மட்டும் மறைத்துக் கிடக்கும் எச்சமோ அந்த இடத்தைச் சூடேற்றி, நாளடைவில் செல்லையே கருக்கிவிடக் கூடியது. பேனலின் மேல் ஏறி நின்று துடைப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உள்ளே விழும். உயரமான சட்டத்தில் பொருத்தியிருந்தால், நீளமான கம்பில் மென்மையான பிரஷைக் கட்டிக்கொண்டு தரையில் நின்றே கழுவலாம். அருகில் மின்கம்பி சென்றால் அந்தக் கம்பு உலோகமாக இருக்கக் கூடாது.

கழுவும்போது பலரும் கவனிக்காத இடம் பேனலின் கீழ் விளிம்பு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில், சுமார் 11.6 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், பேனல்களைத் தெற்கு நோக்கிக் குறைந்த சரிவிலேயே பொருத்துகிறார்கள். வழிந்து வரும் நீர் அலுமினியச் சட்டத்தின் விளிம்பில் தேங்கி, காய்ந்த பின் அங்கே ஒரு விரல் அகலத்துக்குச் சேற்றுப் பட்டை படிகிறது. பேனல் நீளவாக்கில் நிமிர்ந்து நிற்கும்படி பொருத்தப்பட்டிருந்தால், அந்தப் பட்டை கடைசி வரிசைச் செல்கள் எல்லாவற்றையும் ஒருசேர மறைக்கும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மறைந்த பரப்பின் அளவுக்குப் பொருந்தாத பேரிழப்பு அதனால் ஏற்படலாம். முழுப் பேனலையும் கழுவ நேரமில்லாத வாரத்தில் இந்த ஓரத்தை மட்டுமாவது வழித்துவிடுவது பயனுள்ளது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை வீடு இருக்கும் இடமே முடிவு செய்யும். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களின் மாவு போன்ற தூசி பனியீரத்தில் ஒட்டி இறுகிக்கொள்ளும்; அங்கும், லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை ஓரங்களிலும் தை முதல் பங்குனி வரை வாரம் ஒரு முறை கழுவுவது தவறாகாது. மரங்கள் சூழ்ந்த உட்பகுதிகளில் மாதம் ஒரு முறையே போதும். கோடையின் முதல் மழை தூசியை வெளியேற்றாமல் சேற்றுப்புள்ளிகளாக்கிவிட்டுப் போகும் என்பதால், அதன் மறுநாள் காலை ஒரு கழுவல் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை மிச்சம்.

சந்தேகமிருந்தால், அன்றன்றைய யூனிட்டைக் காட்டும் இன்வெர்ட்டரிடமே கேட்கலாம். மேகமற்ற நாளில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் கிடைக்க வேண்டும். மூன்று கிலோவாட் வீட்டில் பன்னிரண்டு. கழுவுவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் வானம் ஒரே மாதிரி தெளிவாக இருந்தால், இரு நாள் யூனிட்டையும் ஒப்பிட்டு, கழுவியதால் கிடைத்த ஆதாயத்தை அறிந்துகொள்ளலாம். வித்தியாசம் மிகச் சிறிதென்றால் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். சித்திரை வெயில் கொளுத்தும்போது யூனிட் எதிர்பார்த்ததைவிடக் குறைவது மட்டும் அழுக்கினால் அன்று. 25 டிகிரிக்கு மேல் செல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைவது சிலிக்கானின் இயல்பு.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே தூசி குறைவு. மூடுபனியின் ஈரத்தால் சட்டத்தின் ஓரங்களில் பாசி பிடிப்பதும், சில்வர் ஓக் இலைகள் பேனலுக்கும் கூரைக்கும் இடையே அடைந்து மக்குவதும்தான் தொல்லை. பாசியை ஊறவைத்து மென்மையான பிரஷால் எடுக்க வேண்டும், பிளேடு வேண்டாம். வளர்ந்துவரும் கிளைகளின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்பதை ஆண்டுக்கொரு முறை நின்று பார்ப்பது, பத்து முறை கழுவுவதைவிடப் பயன் தரும். குரங்குகள் தொங்கும் கேபிளை இழுத்துவிடும் என்பதால், வெளியே தெரியும் கேபிள் முழுவதும் குழாய்க்குள் சென்றாக வேண்டும். நனைந்த ஓட்டுக் கூரையிலும் தகரக் கூரையிலும் ஏறாமல், வெயில் வந்து கூரை காயும்வரை காத்திருந்து, பேனல் சூடேறுமுன் வேலையை முடிக்க வேண்டும்.

கழுவுவதைத் தவிர மற்றவை ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதுமானவை. பேனலின் அடிப்புறத்தில் அணில் கூடும் குளவிக் கூடும் உள்ளனவா, எலி கடித்த கேபிள் உண்டா, வெயிலில் உடைந்த கேபிள் டை எது, பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் நட்டு தளர்ந்துள்ளதா, அதன் வெட்டு முனைகளில் துரு ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடிக்கலாம். இன்வெர்ட்டரின் காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். கோடை இடிமழை தொடங்குமுன் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, டி.சி. பெட்டிக்குள் இருக்கும், மின்னலால் திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் சர்ஜ் பாதுகாப்புக் கருவியின் சிறு சாளரம் பச்சையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். சிவப்பாக மாறியிருந்தால் அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, மாற்றியாக வேண்டும். பேனல்களை இணைக்கும் கனெக்டர்களை வீட்டாரோ, அனுபவமில்லாத எலக்ட்ரீஷியனோ வெயில் நேரத்தில் பிடுங்கக் கூடாது, டி.சி. மின்பொறி எளிதில் அணையாது. மழைக்குப் பின் இன்வெர்ட்டர் காலையில் மட்டும் பிழை காட்டி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால், எங்கோ ஈரம் புகுந்து மின்காப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். சர்வீஸ் ஆள் வருவதற்குள் அந்தப் பிழை மறைந்துவிடும் என்பதால், திரையில் தெரியும் எண்ணை நேரத்தோடு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.