பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் நடுக்கமும் ஆட்டமும்: காரணத்தைத் தேடும் வரிசை

வீல் பேலன்சிங் செய்தாயிற்று, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. ஆனாலும் வேகம் 95 கிமீயைத் தாண்டியதும் ஸ்டியரிங் மறுபடி நடுங்குகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றத் தொடங்குகிறார்கள். பணம் போகும், நடுக்கம் போகாது.

காரணம், இங்கே இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. நடுக்கம் கிளம்புவது சுழலும் பாகங்களில்: டயர், ரிம், ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்), பிரேக் டிஸ்க். ஆட்டம் இருப்பது மூட்டுகளில்: டை ராட் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை). தேய்ந்த மூட்டு பெரும்பாலும் தானாக நடுக்கத்தைக் கிளப்பாது. ஆனால் சக்கரத்தில் பிறக்கும் சின்ன நடுக்கத்தை அடக்காமல் பெரிதாக்கி உங்கள் கைக்கு அனுப்பிவிடும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதிக் குணம்தான் தெரியும். அதனால் முதலில் சுழல்பவை, பிறகு மூட்டுகள், கடைசியில்தான் அலைன்மென்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

படி 1: எப்போது, எங்கே நடுங்குகிறது?

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டும் ஆளில்லாத நேரான சாலையும் போதும். உடன் ஒருவர் வந்து குறிப்பெடுத்தால் நல்லது.

80 முதல் 110 கிமீ வேகத்துக்குள் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைந்தால் டயர் அல்லது ரிம் பக்கம் சந்தேகம். பிரேக் அழுத்தும்போது மட்டும் வந்தால் டிஸ்க், அல்லது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ். ஸ்டியரிங்கில் இல்லாமல் சீட்டில் அதிர்ந்தால் பின் சக்கரங்கள் அல்லது கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் உறுமல் கேட்டால் வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடி, விட்டால் குறைந்தால் யு ஜாயின்ட் (சுழலும் தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு) அல்லது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்.

கியரை நியூட்ரலில் போட்டு அதே வேகத்தில் உருளவிட்டும் பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம்.

படி 2: டயரும் ரிம்மும்

முக்கால்வாசி விடை இங்கேதான் கிடைக்கும் என்பது என் கணிப்பு. அதனால் இங்கே நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

185/60 ஆர்14 அளவு டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் போகும். 100 கிமீ வேகத்தில் அது நொடிக்கு 15 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் ஏறக்குறைய 1.7 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பை ஒரு தடவை உலுக்கும். வேகம் கூடினால் இந்த விசை அதன் இருமடிப்படி கூடும்: 70ல் இருப்பதைப் போல 100ல் இரண்டு மடங்கு. எடை குறைந்த காரில், பவர் ஸ்டியரிங்கும் இல்லாவிட்டால், இதைக் கையிலிருந்து மறைக்க எதுவுமே இல்லை.

முதலில் காற்றழுத்தம். பிறகு டயரின் பக்கச் சுவரில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 10 ஆண்டு தாண்டிய டயரை நம்பாதீர்கள். அதிகம் ஓடாமல் நின்ற கார்களில் டயர் ஒரே இடத்தில் தட்டையாகிப் போயிருக்கும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் அது சரியானால் தற்காலிகம். ஆகாவிட்டால் டயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை, பேலன்சிங் அதை ஒன்றும் செய்யாது.

உள்ளங்கையை டயர்மேல் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பம் போல உறுத்தினால் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தப்பு. மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது வெகுநாளாகப் பேலன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கலாம்.

அடுத்து ஒரு செலவில்லாத சோதனை. நான்கும் ஒரே அளவு என்றால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால், கோளாறு அந்தச் சக்கரங்களிலேயே இருக்கிறது.

பேலன்சிங் செய்பவரிடம் எடையைச் சரிபார்ப்பதோடு, ரிம்மைச் சுழலவிட்டு நெளிவு இருக்கிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். அலாய் ரிம்மின் உள்விளிம்பு வளைந்திருப்பது வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

பலரும் கோட்டைவிடுவது ரிம்மின் நடுத்துளையை. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஹப்பின் விட்டம் 54.1 மிமீ. கடையில் வாங்கிப் போட்ட ரிம்மில் துளை 73.1 மிமீ இருக்கலாம். இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் வேலை முழுக்க நட்டுகள்மேல் விழும். மெஷினில் பூஜ்யம் காட்டும் சக்கரம் காரில் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹப் முகத்தில் உள்ள துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, நட்டுகளை எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

எம்ஜிபி போன்ற கார்களில் கம்பிச் சக்கரம் இருந்தால், ஹப்பின் பல்வரிசை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னே போய்ப் பின்னே எடுக்கும்போது 'டக்' என்று கேட்டால் அதுதான்.

படி 3: பிரேக்

பிரேக் போடும்போது மட்டும் நடுக்கம் என்றால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேட் படிவு ஏறியிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்தால் தெரியும். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால், பேட்களை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கிறது. சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

படி 4: ஜாக்கி ஏற்றி ஆட்டத்தைத் தேடுதல்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். பிறகு 3, 9 இடங்களில். இரண்டு வகையிலும் ஆடினால் பேரிங்மேல் சந்தேகம். 3-9ல் மட்டும் என்றால் டை ராட் அல்லது ரேக் (ஸ்டியரிங் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல் தண்டு). 12-6ல் மட்டும் என்றால் பால் ஜாயின்ட், பழைய பிரிட்டிஷ் கார்களில் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி).

பேரிங்கா பால் ஜாயின்ட்டா என்று குழப்பம் வந்தால் ஒரு வழி உண்டு. டிஸ்க் பிரேக் காரில் உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி 12-6ல் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட். ஏனென்றால் காலிப்பர் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும்போது பேரிங் வேலையிலிருந்து விலகிவிடுகிறது.

ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள) கார்களில், சக்கரம் சும்மா தொங்கினால் கீழ் பால் ஜாயின்ட்மேல் ஸ்பிரிங் அழுத்தம் இருந்து ஆட்டத்தை மறைத்துவிடும். ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்துக் கொஞ்சம் தூக்கிய பிறகு சோதியுங்கள்.

பழைய கார்களின் டேப்பர் ரோலர் பேரிங்குகளில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், பல கையேடுகள் அப்படித்தான் கேட்கும். அதைப் பார்த்துவிட்டு இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும்.

படி 5: ஸ்டியரிங் தடத்தைப் பின்தொடர்தல்

இப்போது சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், அல்லது உறுதியான சாய்தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கட்டும், சாவி மட்டும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். உதவியாளர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக ஆட்ட, நீங்கள் மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ, அங்கேதான் ஆட்டம்.

ஸ்டியரிங் கம்பத்தின் யு ஜாயின்ட், ரப்பர் கப்ளிங், அப்புறம் ரேக். ரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ்கள் பழைய கார்களில் அடிக்கடி ஏமாற்றும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகரும். உள் டை ராட் மூட்டை ரப்பர் உறைக்கு மேலாகக் கையால் பிடித்து உணரலாம்.

மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்107 போல ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள கார் என்றால், அதன் திருகை முறுக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மையும் இணைப்புக் கம்பிகளையும் முதலில் பாருங்கள். பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் திரும்பும்போது பிடித்துக்கொள்ளும்.

படி 6: கீழ் ஆர்ம் புஷ்கள்

லீவர் வைத்து ஆர்மை மெதுவாக நெம்புங்கள். ரப்பர் கிழிந்து, உலோகத்திலிருந்து பிரிந்திருந்தால் தெரியும். பிஎம்டபிள்யூ ஈ30, ஈ36 கார்களில் கீழ் ஆர்மின் பின் புஷ் தேய்ந்தால் பிரேக்கில் ஸ்டியரிங் உதறும், பாவம் டிஸ்க்தான் பழி சுமக்கும்.

புது ரப்பர் புஷ் போட்டால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

படி 7: அலைன்மென்ட்

ஆட்டம் முழுவதும் போன பிறகு மட்டும். லூசான மூட்டோடு எடுத்த அளவு அடுத்த குழியிலேயே மாறிவிடும். டை ராட் கழற்றுவதற்கு முன் மரையில் அடையாளம் வைத்திருந்தால், அலைன்மென்ட் செய்யும் இடம்வரை காரை மெதுவாக ஓட்டிப் போகலாம். சரிசெய்வதற்கு முந்தைய அளவையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். முன் சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் நேர்ச்சாலையில் கார் அலைபாயும், அதைப் பலரும் ஸ்டியரிங் லூசு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பால் ஜாயின்ட்டிலோ டை ராட் முனையிலோ கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், மாற்றும்வரை காரை எடுக்க வேண்டாம். அந்த மூட்டு கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.