பயாஸ் திறக்க மறுக்கும் கணினி: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவை மையமும் நடத்துவோர் பலரிடம் அசெம்பிள் செய்த பழைய கணினிகளே இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பென்டிரைவ் வழியாக விண்டோஸை மறுபடி நிறுவ உட்காரும்போதுதான், டெலீட் விசையை எத்தனை முறை தட்டினாலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும், கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்ற உதவும் மென்பொருள்) திரை வராமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விடுவது தெரியவருகிறது. உடனே பெட்டியைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் மதர்போர்டு நன்றாகவே இருக்கும். நாம் அழுத்திய விசைதான் உரிய நேரத்தில் அதற்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

முதலில் விசை சரியானதுதானா என்று பாருங்கள். அசெம்பிள் கணினிகளில் பெரும்பாலும் டெலீட், டெல் நிறுவனக் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10. லெனோவா மடிக்கணினிகள் சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

விசை சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், விண்டோஸ் வழியாகவே உள்ளே செல்லலாம். தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை வேகமாக எழுந்துவிடுகிறது. ஆகவே ஷட் டவுனை விட்டுவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், எந்த விசையும் அழுத்தாமலே பயாஸ் திறக்கும். யூஇஎஃப்ஐ என்பது பயாஸின் புதிய வடிவம். அதற்கு முந்தைய, லெகசி எனப்படும் பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் கடைசித் தேர்வு அங்கே இருக்காது.

அப்போது கீபோர்டைச் சோதிக்க வேண்டும். கணினி எழும்போது நிறுவனச் சின்னம் தெரியும் அந்தச் சில நொடிகளில் நம் லாக் (Num Lock) விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் கீபோர்டு உயிரோடு இருக்கிறது. அசைவே இல்லையென்றால், பயாஸில் ஃபாஸ்ட் பூட் (மேலே சொன்ன விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அல்ல, பயாஸிலேயே உள்ள வேறொரு அமைப்பு) இயக்கப்பட்டு, விண்டோஸ் வரும்வரை யூஎஸ்பி விழித்துக்கொள்ளாத நிலையாக இருக்கலாம். வயர்லெஸ் கீபோர்டை ஒதுக்கிவிட்டு, வயர் உள்ள ஒன்றைப் பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். ஊதா நிற வட்டத் துளை இருந்தால், பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைத் தேடி எடுப்பது வீண் வேலையாகாது.

சில நேரம் பயாஸ் திறந்தே இருக்கும், திரைதான் காட்டாது. கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இரண்டு மானிட்டர்கள் இருந்தால், ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கடைசியாகத்தான் பேட்டரி. கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் பக்கம் உண்டு. மின்சாரம் இல்லாத அந்த நேரமெல்லாம் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரிதான். காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள். வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திவிட்டு, பழையதை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்துப் புதியதைப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்த ஆரம்ப நிலைக்குத் திரும்புவதால் பெரும்பாலும் ஃபாஸ்ட் பூட் தடையும் நீங்கிவிடும்.

ஆனால் இதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினியானால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோடு யூஇஎஃப்ஐயா லெகசியா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றிய பின் விண்டோஸ் எழவில்லையென்றால், பயாஸில் முதலில் திருப்பி வைக்க வேண்டியது அந்த மோடுதான்.