ஜாஸ் கேட்க ஆசையா? ஒரே ஒரு பாட்டில் தொடங்குங்கள்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் பலர் பெரிய ப்ளேலிஸ்ட் ஒன்றை ஓடவிட்டு, எதுவும் பிடிபடாமல் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். ஒரே ஒரு இசையை எடுத்து ஒரு வாரம் கேளுங்கள். நான் சொல்வது, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ஆல்பமான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் முதலில் வரும் 'சோ வாட்'.

ஒன்பது நிமிடம் ஓடும். பியானோவும் பேஸும் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) மெதுவாக எதையோ தேடுவதுபோல் ஆரம்பிக்கும். அப்புறம் பேஸ் ஒரு வரி வாசிக்க, மற்றவை இரண்டே ஒலியில் பதில் சொல்லும். அதுதான் மெட்டு. முணுமுணுக்கும் அளவுக்கு அதைப் பழகிக்கொள்ளுங்கள்; மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. அடுத்து டேவிஸின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் என்று ஒவ்வொருவராக அந்த மெட்டின் 32 பார் (தாள அளவு) கொண்ட சட்டத்துக்குள் கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்பி வரும். ஜாஸில் மிகப் பரவலான அமைப்பு இது.

டிரம்பெட் தனியாகக் கிளம்பும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப், சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓர் அடி போடுவார். அது காற்றில் கரைந்து அடங்கும்வரை கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

நடுவில் வழி தவறினால் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது, ஹெட்போன் போடுங்கள். அடுத்த முறை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்.